கைக்கு ஏற்ற மட்டை

மாலை ஆறு மணிக்குமேல் காக்ஸ் டவுன் சந்தையிலிருந்து வீலர் சாலைப் பக்கம் நடந்து வருபவர், தோளில் நீண்ட பையைத் தொங்கவிட்டபடி இருசக்கர வண்டியில் விரைவோரை அடிக்கடி காண நேரிடும். பையின் வாயில் மட்டையின் கைப்பிடி எட்டிப் பார்க்கும். அலுவலகம் முடிந்து வரும் இளைஞர்கள், பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் என எல்லா வயதினரும் அவர்களில் அடக்கம். இரும்புத் தூண்களும் தகரக் கூரையும் கொண்டு எழுப்பப்பட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் இறகுப்பந்து அரங்குகள் பெங்களூரில் பெருகிய பிறகு, இந்த விளையாட்டு கழக உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறிவிட்டது. நடைப்பயிற்சியை மருத்துவர் வற்புறுத்தியும் தொடங்காதவர்கள்கூட, நண்பர் நால்வர் சேர்ந்துவிட்டால் இதற்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

அரங்கின் ஓரப் பலகையில் கிடக்கும் மட்டைகளைக் கவனித்தால் ஒரு விந்தை புலப்படும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆடுபவரின் பையில், உலக வெற்றியாளர்கள் ஏந்தும் பதினைந்தாயிரம் ரூபாய் மட்டை இருக்கும். அவரை எளிதாக வெல்லும் கல்லூரி மாணவியின் கையிலோ மூவாயிரம் ரூபாய் மட்டை இருக்கும். முன்னவர் பணத்தை வீணாக்கினார் என்பதோடு இச்செய்தி முடிந்துவிடுவதில்லை. தன் கைக்குப் பொருந்தாத மட்டையால் அவர் தம் ஆட்டத்தையும் கெடுத்துக்கொள்கிறார். பல வேளைகளில் முழங்கையையும் தோளையும் கூட. மட்டை வாங்குவது நம்மில் பலருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் செலவு. அதைச் சற்று அறிந்து செய்வது நல்லது.

விளம்பரங்கள் நம்மை எங்கே இழுக்கின்றன என்பது தெரிந்ததே. 2023ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஷட்டிலை அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அச்செய்தியைப் படித்தவருக்கு அவர் ஏந்திய மட்டையின் மீது ஆசை பிறப்பது இயல்பு. ஆனால் அந்த வேகம் பிறந்தது மட்டையில் அன்று. பல்லாண்டுப் பயிற்சியில் உருவான தோளிலும், இடுப்புச் சுழற்சியிலும், தக்க நொடியில் இறுகும் விரல்களிலும். மட்டை அந்த ஆற்றலைச் சிந்தாமல் கொண்டுசேர்க்கும் கருவி மட்டுமே. இல்லாத ஆற்றலை அது கொடுக்காது.

இதற்கு நம் நகரத்திலேயே ஒரு சான்று உண்டு. மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் சங்கத்தின் திருமண மண்டபம் ஒன்றில்தான் பிரகாஷ் படுகோன் சிறுவனாக ஆடக் கற்றார். முகூர்த்த நாள்களில் பயிற்சி கிடையாது. மண்டபம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பியவர் 1971 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து தேசிய வெற்றியாளராக விளங்கினார். 1980 மார்ச்சில் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்தவர் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங். முந்தைய இரு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றவர் அவர். துள்ளி எழுந்து அடிக்கும் ஸ்மாஷுக்கு உலகப் புகழ் பெற்றவர். பிரகாஷ் வலிமைக்கு வலிமையால் விடை சொல்லவில்லை. ஷட்டிலை மெல்லத் தொட்டு, வலையோரத்தில் விழச் செய்து, ஆட்டத்தின் வேகத்தைத் தம் விருப்பப்படி தணித்து, 15-3, 15-10 என்ற கணக்கில் வென்றார். வலிமையால் ஆடுபவர், தொடுநயத்தால் ஆடுபவர் என இருவகை ஆட்டக்காரர்கள் உண்டு என்பதை அந்த ஓர் ஆட்டமே காட்டிவிடும். இவ்விருவருக்கும் ஒரே மட்டை பொருந்தாது. (அக்காலத்தில் விளையாட்டு வீரர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் வேலை தந்து ஆதரித்தன. பிரகாஷும் அப்படி வங்கியில் பணியாற்றியவரே என்பதை இவ்விதழின் வாசகர்கள் மகிழ்ச்சியுடன் நினைவில் கொள்ளலாம்.)

காக்ஸ் டவுனில் இந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் இன்னொரு விளையாட்டை நினைவூட்டத் தவறுவதில்லை. கன்டோன்மென்ட் உருவான காலந்தொட்டு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களில் மூத்தவர்கள் இளமையில் ஆடியது, மஞ்சள் கம்பளிப் பந்தைக் கொண்டு திறந்த மைதானத்தில் அணிக்கு ஐவராக ஆடும் பூப்பந்து. 1856ஆம் ஆண்டளவிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் அதை ஆடினர் என்று வரலாறு கூறுவர். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம். இறகுப்பந்தின் ஷட்டிலோ ஐந்து கிராமை ஒட்டியது. ஆறு மடங்கு கனமான பந்தைத் திருப்பி அனுப்பப் பூப்பந்து மட்டையும் 165 முதல் 185 கிராம்வரை எடை கொண்டிருக்கிறது. ஷட்டில் மட்டை ஏறத்தாழ அதில் பாதிதான். பூப்பந்தில் பழகிய கைக்கு இன்றைய கார்பன் மட்டை காகிதம்போல் தோன்றும். ‘கையில் கனமாக ஏதாவது கொடுங்கள்’ என்று அவர்கள் கடையில் கேட்பது அதனால்தான். அந்தப் பழக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும், முழுக் கையையும் வீசி ஆடும் பூப்பந்துக்கும், மணிக்கட்டும் விரல்களும் ஆளும் இறகுப்பந்துக்கும் தேவைகள் வேறு.

பிற மட்டை விளையாட்டுகளுக்கும் இதே கணக்குதான்: பந்து எதுவோ அதற்கேற்ப மட்டை. சுவரில் மோதும் ரப்பர் பந்தைக் கொண்ட ஸ்குவாஷில் மட்டையின் நீளம் 68.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், அங்குள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் ராக்கெட்பால் என்ற ஆட்டத்தைக் கண்டிருக்கலாம். 1950ஆம் ஆண்டில் ஜோ சோபெக் என்பவர் அந்நாட்டில் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் மட்டை, குட்டையானது; அதிகபட்சம் 22 அங்குலம். கையிலிருந்து நழுவி மற்றவர்மேல் பறக்காதிருக்க, மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது அங்கே விதி. நம் அரங்குகளில் பெரும்பாலோர் ஆடுவது இறகுப்பந்தே என்பதால் இனி அதையே எடுத்துக்கொள்வோம். ஆயினும் எடை, எடை நிற்கும் இடம், தண்டின் விறைப்பு, பிடியின் பருமன், நரம்பின் இறுக்கம் என்னும் ஐந்தும் எல்லா மட்டைகளுக்கும் பொதுவானவை.

எடையில் தொடங்கலாம். மட்டையின் கூம்புப் பகுதியில் அல்லது கைப்பிடிக்குச் சற்று மேலே 3யூ, 4யூ, 5யூ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம். 4யூ என்றால் 80 முதல் 84. 5யூ என்றால் 75 முதல் 79. எண் கூடக் கூட எடை குறைகிறது என்பது முதலில் குழப்பும். இரட்டையர் ஆட்டம் ஆடும் பெரும்பாலோருக்கு 4யூ போதுமானது. தோள் வலி உள்ளவர்களும், ஐம்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களும் 5யூவை நாடலாம். நான்கைந்து கிராம் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். ஒரு மணி நேர ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை அந்த மட்டையைத் தலைக்குமேல் வீசுகிறோம் என்பதை எண்ணினால் அந்தச் சில கிராம்களின் கனம் புரியும்.

ஆனால் எடையைவிட முக்கியமானது, அந்த எடை எங்கே நிற்கிறது என்பது. மொத்த எடை ஒன்றாகவே இருந்தும், ஒரு மட்டை தலைப்பகுதியில் கனத்தும், இன்னொன்று கைப்பிடிப் பக்கம் கனத்தும் இருக்கக்கூடும். சுழலும் பொருளில் எடை மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதன் இருமடிக்கு ஏற்ப அதைச் சுழற்றும் பாடு கூடும். ஆகவே மட்டையின் நுனியில் கூடும் ஒரு கிராம், கைப்பிடியில் கூடும் ஒரு கிராமைவிடப் பன்மடங்கு உழைப்பைக் கேட்கிறது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். நரம்பு கட்டாத மட்டையின் தண்டை ஒரு விரலின்மேல் கிடத்தி, எங்கே சாயாமல் நிற்கிறதென்று பாருங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அவ்விடம் தோராயமாக 29 சென்டிமீட்டரில் இருந்தால் சமநிலை மட்டை. அதைத் தெளிவாகத் தாண்டினால் தலை கனத்தது. குறைந்தால் தலை இலேசானது.

தலை கனத்த மட்டை பின்கோட்டிலிருந்து ஓங்கி அடிப்பவருக்குத் துணை. வலையருகே நின்று நொடிக்குள் மட்டையை உயர்த்தித் தடுப்பவருக்கு அது சுமை. அவருக்குத் தலை இலேசானதே பொருந்தும். தம் ஆட்டம் எந்த வகை என்று இன்னும் தெரியாதவருக்குச் சமநிலை மட்டை. என் கருத்தில், வார இறுதி ஆட்டக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுவே உரியது. அவர்களில் பலர் இதை வாங்குவதில்லை. ஸ்மாஷின் கவர்ச்சி அப்படி.

தண்டின் விறைப்பு என்பது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி. கையை வீசும்போது தண்டு பின்னோக்கிச் சிறிது வளைந்து, ஷட்டிலைத் தொடும் நேரத்தில் வில்லைப்போல் நிமிர்கிறது. விறைப்பான தண்டு குறைவாக வளைந்து விரைவாக நிமிரும்; அதை வளைக்க மிக வேகமான வீச்சு தேவை. மெதுவான வீச்சு உள்ளவர் விறைப்புத் தண்டை ஏந்தினால் அது வளையவே வளையாது. வெறும் கம்பியால் அடிப்பதுபோல அதிர்வு முழுவதும் முழங்கைக்கு வந்து சேரும். வளையும் தண்டோ அவருடைய சிறிய ஆற்றலையும் பெருக்கித் தரும்.

உங்கள் வீச்சின் வேகத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பின்கோட்டில் நின்று, தலைக்குமேல் ஓங்கி அடித்து, எதிர்ப்பக்கத்துப் பின்கோடுவரை ஷட்டிலை உயரமாக அனுப்புங்கள். பத்து முறையில் ஏழெட்டு முறை சிரமமின்றிப் போய்ச் சேர்ந்தால் நடுத்தர விறைப்பும் அதற்கு மேலும் உங்களுக்கு ஒத்துவரும். பாதி வழியில் விழுந்தால் வளையும் தண்டையே எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிரே இருப்பவர் மட்டையின் பெயரைப் பார்த்து ஆடுவதில்லை.

கைப்பிடியைப் பற்றி இரண்டு வரி போதும். ஜி4, ஜி5 என்று குறிப்பது அதன் பருமனை. எண் கூடினால் பிடி சிறுக்கும். எல்லா நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால் எண்ணை நம்பாமல் கையால் பிடித்துப் பார்ப்பதே வழி. மெல்லிய பிடியைப் பட்டை சுற்றிப் பருமனாக்கிவிடலாம். பருத்த பிடியை மெலிதாக்க முடியாது. எனவே ஐயம் இருந்தால் சிறியதையே வாங்குங்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர்கள் துண்டுத் துணிப் பட்டையைச் சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். கடலோர வியர்வைக்கு அது இன்றியமையாதது. பெங்களூரின் காற்றுக்கு மெல்லிய ரப்பர்ப் பட்டையே போதும்.

நரம்பே பாதி மட்டை

மட்டை வாங்கும்போது சட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் ஆராய்பவர்கள், நரம்பைப் பற்றிக் கடைக்காரர் கேட்கும்போது ‘எதையாவது போடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஷட்டிலைத் தொடுவது நரம்பு மட்டுமே. ஆட்டுக்குடலில் நரம்பு திரித்த காலத்தின் நினைவாகக் கடைகளில் இன்றும் இதைக் ‘கட்டிங்’ என்றே சொல்கிறார்கள். இன்று கட்டுவது செயற்கை இழை. ஒரு மட்டைக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேண்டும். 0.70 மில்லிமீட்டர் பருமனுள்ளது நீண்ட நாள் உழைக்கும், 0.65ஐ ஒட்டியது துள்ளலாகவும் ஒலி நயத்தோடும் இருக்கும், ஆனால் விரைவில் அறுந்துபோகும். புதிதாக ஆடுபவர்கள் பருத்ததையே கேட்டு வாங்கலாம். சட்டத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும் அடிகள்தாம் நரம்பை அறுப்பவை. அவை பழகுநிலையில் மிகுதி.

இறுக்கத்தைப் பற்றிய மயக்கம்தான் எல்லாவற்றிலும் பெரியது. இறுக்கமாகக் கட்டினால் அடி வலுக்கும் என்று நம்புவோர் மிகப் பலர். நிகழ்வது நேர்மாறானது. தளர்ந்த நரம்பு ஷட்டிலை உள்வாங்கி, துள்ளும் மெத்தையைப்போல் எறிகிறது. ஆற்றலை அதுவே சேர்த்துத் தருகிறது. நடுவில் சரியாகப் படும் பரப்பும் அகலமாகிறது. இறுகிய நரம்பு ஆற்றலைக் கூட்டுவதில்லை. அடியைக் குறிதவறாது செலுத்த மட்டும் உதவுகிறது. அதற்கு ஒவ்வோர் அடியும் மிகச் சரியாக நடுவில் பட வேண்டும். உலக வீரர்கள் 28, 30 பவுண்டும் அதற்கு மேலும் கட்டிக்கொள்வது அவர்களுடைய அடி அப்படிப் படுவதால். புதியவர்களுக்கு 20 முதல் 23 பவுண்டு, சில ஆண்டுகள் தொடர்ந்து ஆடியவர்களுக்கு 23 முதல் 26 என்பது பொதுவான அளவு. 24 பவுண்டு என்பது ஏறத்தாழ 11 கிலோகிராம் இழுவிசை. ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு தாங்கும் என்பது மட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை மீறிக் கட்டினால் சட்டம் விரிசல் விடும், உத்தரவாதமும் செல்லாது.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நரம்பு பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் தளரும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, ஆண்டில் அத்தனை முறை நரம்பு மாற்றுவது என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. ஒன்றரை ஆண்டு மாற்றாத நரம்புடன், ‘இந்த மட்டை முன்போல் இல்லை’ என்று சொல்லிப் புதியது வாங்கச் செல்வோர் பலர். ஒரு சில நூறு ரூபாயில் பழைய மட்டையே புதிதாகியிருக்கும்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விறைத்த தண்டு, உயர்ந்த இறுக்கம், கைக்குப் பொருந்தாத பிடி ஆகிய மூன்றும் சேர்ந்தால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்குகிறது. டென்னிஸையே ஆடாதவருக்கும் மருத்துவர் அதை ‘டென்னிஸ் எல்போ’ என்றே சொல்வார். தேநீர்க் குவளையைத் தூக்கவும் கதவின் பிடியைத் திருகவும் முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்படுவோர் உண்டு. வலி தோன்றியதும் இறுக்கத்தை இரண்டு பவுண்டு குறைப்பதும், நுனி இலேசான மட்டைக்கு மாறுவதும், சில வாரம் ஓய்வு கொள்வதும், இயன்முறை மருத்துவரைக் காண்பதும் அறிவுடைமை. வலிநிவாரணித் தைலத்தைப் பூசிக்கொண்டு மறுநாளே களமிறங்குவதை அரங்குகளில் வீரமாகக் கருதுகிறார்கள். அது வீரம் அன்று.

பெங்களூரில் ஆடுவோருக்கு மட்டும் உரிய ஒரு செய்தி. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஷட்டிலைத் தடுக்கும் விசையும் குறைவு. அதனால் ஒரே ஷட்டில் கடலோர ஊரைவிட இங்கே தொலைவாகப் பறக்கும். இறகு ஷட்டில்களின் பெட்டியில் 75, 76, 77 என்று வேகம் குறித்திருக்கும். எண் குறைந்தால் வேகம் குறைவு. இங்கே குறைந்த எண்ணே உகந்தது. நைலான் ஷட்டிலில் பச்சை நிற வளையம் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. இதை அறியாமல் வேகமான ஷட்டிலை வாங்கி, அடித்ததெல்லாம் கோட்டைத் தாண்டுகிறதே என்று மட்டையைப் பழிப்பவர்கள் உண்டு. சர்வதேச விதியே ஒரு சோதனையைத் தருகிறது: பின்கோட்டின்மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்பாக ஷட்டில் விழ வேண்டும். புதிய பெட்டியைத் திறந்ததும் செய்து பார்க்கலாம்.

எவ்வளவு செலவிடலாம்?

அலுமினியச் சட்டமுள்ள மட்டைகள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகளோடு ஆட அவை போதும். அரங்கில் முறையாக ஆட நினைப்பவருக்கு அவற்றின் கனமும் அதிர்வும் ஒத்துவரா. முழுதும் கார்பன் இழையால் ஆன நல்ல தொடக்கநிலை மட்டைகள் ஈராயிரம், மூவாயிரம் ரூபாய்க்கே இன்று கிடைக்கின்றன. அதற்குமேல் தரும் ஒவ்வோர் ஆயிரமும் தரும் பயன் மெல்லக் குறைந்துகொண்டே போகும்.

மட்டை ஒருமுறைச் செலவு. ஆட்டம் தொடர் செலவு. வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 1 மணி நேரம், அரங்க வாடகை மணிக்கு 300 ரூபாய், நால்வர் பகிர்வது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பங்கு நாளுக்கு 75 ரூபாய். ஆண்டில் 156 நாளுக்கு 11,700 ரூபாய். ஆண்டுக்கு மூன்று முறை நரம்பு மாற்ற, முறைக்கு 600 வீதம் 1,800. இதனோடு ஷட்டில், பட்டை, தரையில் கறை படியாத அடித்தோல் கொண்ட காலணி. கூட்டிப் பார்த்தால், மட்டையின் விலை முதலாண்டுச் செலவில் ஒரு சிறு பகுதியே. ஆசைப்பட்டுப் பதினைந்தாயிரத்தைச் சட்டத்துக்கே கொடுத்துவிட்டு, தவணை முடியும்வரை நரம்பு மாற்றாமலும் தேய்ந்த ஓட்டக் காலணியோடும் ஆடுபவர், தம் பணத்தைத் தவறான இடத்தில் முடக்கியிருக்கிறார். என்னிடம் 6,000 ரூபாய் இருந்தால் மட்டைக்கு 2,500, நல்ல காலணிக்கு 2,500, மீதியை நரம்புக்கும் பட்டைக்கும் என்றே பிரிப்பேன். கணுக்காலைக் காப்பது காலணிதான். விலையுயர்ந்த எந்த மட்டையும் அதைச் செய்யாது.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர் பொதுவாக இரு பிழைகளைச் செய்கிறார்கள். வளர்ந்தபின்னும் உதவட்டும் என்று, பள்ளிச் சீருடையைப்போலப் பெரிதாக எடுப்பது ஒன்று. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நீளம் குறைந்த சிறுவர் மட்டையே வேண்டும். முழு நீள மட்டையை இரு கைகளாலும் பிடிக்கப் பழகிவிட்டால் பின்னர் திருத்துவது கடினம். பத்து வயதுக்குமேல் இலேசான 5யூ மட்டை, சிறிய பிடி, 20 பவுண்டை ஒட்டிய இறுக்கம். மற்றொரு பிழை, பயிற்சியில் சேர்த்த அன்றே பயிற்சியாளரைக் கேளாமல் விலையுயர்ந்ததை வாங்கித் தருவது. மூன்று மாதம் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்தபின் பயிற்சியாளர் சொல்வதே சரியான அறிவுரை. பிள்ளைக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

கடைக்குச் செல்லும்போது ‘நல்ல ராக்கெட் ஒன்று காட்டுங்கள்’ என்று கேட்டால் விலை கூடியதே முதலில் வரும். ‘நான் வாரம் மூன்று நாள் இரட்டையர் ஆடுகிறேன், 4யூ, சமநிலை, நடுத்தர வளைவு, சிறிய பிடி, விலை மூவாயிரத்துக்குள்’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே வேறாகிவிடும். வாங்குவதற்குமுன் அரங்கில் நண்பர்களின் மட்டைகளை வாங்கிப் பத்து நிமிடம் ஆடிப் பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது, எவரும் மறுப்பதில்லை. புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் மிகுதி. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் உயர்தர மட்டையை ஐயத்தோடு பார்க்க வேண்டும். வரிசை எண், முத்திரை ஒட்டுத்தாள், உரிய பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை ஆகியவை இருக்கின்றனவா எனப் பாருங்கள். போலிச் சட்டம் 24 பவுண்டு இறுக்கத்திலேயே நொறுங்கியதைக் கண்டிருக்கிறேன்.

வாங்கிய பின் பராமரிப்பு அதிகமில்லை. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டையை விட்டுவைக்காதீர்கள். சூட்டில் நரம்பு தளரும். இரட்டையர் ஆட்டத்தில் துணைவரின் மட்டையோடு மோதிவிட்டால் சட்டத்தை விரலால் தடவி மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். நரம்பு ஓரிடத்தில் அறுந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், உடனே கத்தரியை எடுத்து நடுவிலிருந்து தொடங்கி எஞ்சிய நரம்புகளையும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுவிசை நின்றால் சட்டம் இரவோடிரவாக வளைந்துவிடும்.